விசில் வேந்தன் நான் இல்லை

வாங்க சார், வாங்க. ஒன் சி வீடு பார்க்கத்தானே வந்தீங்க? ஓனர் போன் பண்ணிச் சொன்னார். சாவி எங்கிட்டதான் இருக்கு. இந்த மந்தாகினி அபார்ட்மெண்ட்ஸ்ல எந்தச் சாவியா இருந்தாலும் எங்கிட்ட வந்துதான் வாங்கணும். நான்தான் செக்ரட்டரி, தாண்டவமூர்த்தி. வண்டியை எங்க விட்டீங்க? மரத்தடியிலயா? அடடா, அது டாக்டரம்மா வண்டி நிக்கற இடம். சரி, இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும். நாளைக்கும் அங்கயே விட்டீங்கன்னா டயர்ல காத்து இருக்காது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், உட்காருங்க. சுவத்துல மட்டும் சாயாதீங்க, இப்பதான் பெயிண்ட் அடிச்சோம். இப்பதான்னா, ரெண்டு வருஷம் ஆச்சு.

என்ன சார், வந்ததிலிருந்து என் கழுத்தையே பார்க்கறீங்க? விசிலா? ஓ, வாட்ச்மேன் சொல்லிட்டானா? "உள்ள போங்க, விசில் வேந்தன் உட்கார்ந்திருப்பார்"னு சொல்லியிருப்பான். தெரியும். கூரியர்காரன், கேஸ் சிலிண்டர் போடறவன், எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கான். சாவி தரேன் சார், அவசரப்படாதீங்க. நீங்க இங்க குடிவரப் போறவர். நாளைக்கு நாலு பேர் நாலு விதமா சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நடந்ததை என் வாயாலயே கேட்டுட்டுப் போயிடுங்க.

டூ பி-ல வாசுகி டீச்சர்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க பொண்ணு பூரணி. இங்கயே பிறந்து வளர்ந்த பொண்ணு, இப்ப பெங்களூர்ல ஒரு கார்ட்டூன் கம்பெனியில வேலை. கார்ட்டூன்னு சொன்னா அதுக்கு முகம் சுருங்கிடும், அனிமேஷன்னு சொல்லணுமாம். சின்ன வயசுல சரியான வாலு சார். கார் பார்க்கிங்ல கிரிக்கெட் ஆடக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினா, அந்த போர்டையே ஸ்டம்ப்பா வெச்சு ஆடும். அதுகிட்ட பிடுங்கின பந்து மட்டுமே என் வீட்டுப் பரண்ல ஒரு கோணிப்பை இருக்கும். ஏன் திருப்பிக் குடுக்கலையா? குடுக்கலாம் சார், நான் என்ன அதை வெச்சு ஊறுகாயா போடப் போறேன்? பெத்தவங்களைக் கூட்டிட்டு வந்து கேட்டா குடுக்கணும்னு ரூல். யாரும் வரல. ரூல்னா ரூல்தானே.

அந்தப் பொண்ணுதான் இந்தப் புது சீரியலை எடுத்திருக்கு. "மொட்டைமாடிப் படை"ன்னு பேரு. ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கற பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்களுக்குத் திடீர்னு பெரிய சக்தி வந்து உலகத்தைக் காப்பாத்தறாங்களாம். முதல் பகுதி வந்த அன்னிக்கு நம்ம பார்க்கிங்லயே திரை கட்டி எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம்னு டீச்சர் ஆசைப்பட்டாங்க. எங்கிட்ட வந்து கேட்டாங்க. நான் குடுத்தேன் சார் பர்மிஷன். சத்தம் இவ்வளவுக்கு மேல போகக் கூடாது, பாப்கார்ன் கீழ சிந்தக் கூடாது, திரை கட்டறதுக்கு ஆணி அடிக்கக் கூடாது. அவ்வளவுதான் கண்டிஷன். ஞாயித்துக்கிழமை சாயந்திரம், முதல் வரிசையில நடு நாற்காலி எனக்கு. பக்கத்துல என் வீட்டுக்காரி கமலவேணி.

முதல் அஞ்சு நிமிஷத்துலயே எனக்கு ரத்தம் கொதிச்சுது. பசங்களுக்குச் சக்தி எப்படி வருதுன்னு நினைக்கறீங்க? மேல தண்ணித் தொட்டியைப் பல வருஷமா கழுவவே இல்லையாம். அதுல ஏதோ பச்சைப் பாசி வளர்ந்து, அந்தத் தண்ணியைக் குடிச்ச பசங்களுக்கெல்லாம் சக்தி வந்துடுதாம். என்ன அநியாயம் பாருங்க! நம்ம தொட்டியை மாசா மாசம் நான் மேல நின்னு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வெக்கிறேன். இந்தத் தண்ணியைக் குடிச்சு ஒருத்தனுக்கு ஒரு சக்தி வந்திருக்கா? வரவே வராது, நான் கியாரண்டி.

அப்புறம் அந்தச் சக்தியெல்லாம் கேளுங்க. ஒரு பையன் ரெண்டாவது மாடி சன்ஷேடுக்குக் கையை நீட்டிப் பந்தை எடுப்பான். ஒருத்தன், வீட்டு வேலை செய்யச் சொன்னா உடனே மறைஞ்சு போயிடுவான். அதை என் பையனே செஞ்சிருக்கான், அதுக்குச் சக்தி எதுக்கு? ஒரு பொண்ணுக்கு நாலு வீடு தள்ளிப் பேசறது காதுல விழுமாம். கமலவேணியைத் திரும்பிப் பார்த்தேன், அவ என்னை முறைச்சா. இன்னொரு பொண்ணு பறக்குது, ஹெல்மெட் கிடையாது. பெரிய மின்சாரக் கம்பி போற இடத்துல, தலைமுடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு பறக்குது! இதைச் சின்னப் பசங்க பார்த்தா என்ன ஆகும்?

ஒரே ஒரு ஆள்தான் சார் அந்தக் கதையில புத்தியோட பேசினார். விசில் வேந்தன்னு பேரு. வில்லனாம். மோட்டார் ரூம்ல குடியிருக்கார். விசில் ஊதினா ஊர்ல எல்லாம் அப்படியே நின்னு போயிடும். அவர் திட்டம் என்ன தெரியுமா? உலகம் முழுக்க ஒரே மோட்டார் டைம். காலையில இத்தனை மணிக்குத் தண்ணி, இத்தனை மணிக்குக் குப்பை, இத்தனை மணிக்கு மேல யாரும் சத்தம் போடக் கூடாது. இதுல என்ன சார் தப்பு? இந்த ஊர்ல தண்ணிப் பஞ்சம் வருதே, இவரை மாதிரி ஒருத்தர் இருந்தா வருமா? மொட்டைமாடியில நின்னுக்கிட்டு "நான் கேக்கறது உலகத்தை இல்லை, ஒழுங்கை!"ன்னு அவர் சொன்னார் பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எழுந்து நின்னு கை தட்டினேன். "இந்த ஆள் ஒருத்தர்தான்யா சரியா பேசறார்!"னு சத்தமாவே சொன்னேன்.

மொத்த பார்க்கிங்கும் சிரிச்சுது சார். அப்படி ஒரு சிரிப்பு. டாக்டரம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. நான் கார்ட்டூனுக்குத்தான் சிரிக்கறாங்கன்னு நினைச்சு, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் கமலவேணி சொல்றா, "ஏங்க, அது நீங்கதாங்க."

"எது?"

"அந்த வில்லன். நீங்கதான். உங்களுக்கே தெரியலையா?"

நீங்களே சொல்லுங்க சார். நியாயமா சொல்லுங்க. அவன் விசில் கயிறு சிவப்பு. இது என்ன கலர்? நீலம். அவன் மீசை மேல முறுக்கி நிக்குது, எனக்குக் கீழ தொங்குது. அவன் பிடுங்கின பந்தையெல்லாம் பாதாள அறையில பூட்டி வெக்கிறான், நான் பரண்லதான் வெச்சிருக்கேன். "ரூல்னா ரூல்"னு அவன் ஒரு தடவைதான் சொல்றான். நான் குறைஞ்சது ரெண்டு தடவை சொல்லுவேன். எங்கயாவது பொருந்துதா? ஒரு நிமிஷம் சார்.

ஏய்! யாரது படிக்கட்டுக் கம்பியில சறுக்கறது? விசில் ஊதிட்டேன்ல, நில்லு! இறங்கி நடந்து வா!

ஆங், எங்க விட்டேன்? பொருந்தவே இல்லைன்னு சொன்னேன். கமலவேணிகிட்டயும் இதையேதான் சொன்னேன். அவ பாதியில எழுந்து தோசைக்கு மாவு கரைக்கப் போயிட்டா. பாதியில எழுந்து போனா அர்த்தம் வேற, அது குடும்பஸ்தர் உங்களுக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து ஆரம்பிச்சுது. நான் லிஃப்ட்ல ஏறினா உள்ள இருக்கற பசங்க அப்படியே சிலையா நிக்கறாங்க. கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டேங்கறாங்க. விசில் வேந்தன் வந்தா உலகம் நின்னுடணும் இல்லையா, அதான். கிரவுண்ட் ஃப்ளோர்ல நிலோஃபர்னு ஒரு குட்டி இருக்கு, நாலாவது படிக்குது, அதுதான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவி. "வேந்தர் அங்கிள், வேந்தர் அங்கிள், உங்க பாதாள அறையைக் காட்டுங்க"ன்னு வாசல்ல வந்து நிக்குது. தாத்தான்னு கூப்பிடாம அங்கிள்னு கூப்பிட்டுதே, அந்த மட்டும் நல்ல பொண்ணு.

பசங்க கிண்டல் பண்ணினா நான் தாங்கிப்பேன் சார். ஆனா த்ரீ ஏ எத்திராஜ் இருக்காரே. நம்ம பொருளாளர், பேங்க்ல இருந்தவர். எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் பேசுவார், அந்த மாதிரி ஆளுங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும். ரொம்ப வருஷமா அவருக்கு என் நாற்காலி மேல ஒரு கண்ணு. அந்த வாரமே அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு படம் போட்டார். என் போட்டோ, அதுல அந்த வில்லனோட முறுக்கு மீசை. கீழ எழுதியிருக்கு, "விசில் இல்லாத மந்தாகினி! வாக்களிப்பீர் எத்திராஜ்!" வருடாந்திரப் பொதுக்குழு கிட்ட வந்துட்டிருந்த நேரம். இத்தனை வருஷமா செக்ரட்டரி தேர்தல்ல என்னை எதிர்த்து ஒருத்தர் நின்னது கிடையாது சார். எல்லாரும் பஜ்ஜியைச் சாப்பிட்டுட்டு, "தாண்டவமூர்த்தியே இருக்கட்டும்"னு எழுந்து போயிடுவாங்க. இந்தத் தடவை அந்தப் படத்துக்கு இருபது வீட்லயிருந்து கட்டைவிரல் போட்டிருந்தாங்க. கீழ கமலவேணியும் போட்டிருந்தா. கேட்டா கை தவறிப் பட்டுடுச்சுங்கறா.

மறைக்காம சொல்றேன் சார், பயந்துட்டேன். நான் ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன். நான் பெட்டிக்குள்ள கால் வெச்சா தூங்கறவன் எழுந்து உட்காருவான். ரிட்டயர் ஆகி மாலையும் கையுமா வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில சோபால உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்த்து எழுந்திருக்கல, யாரும் ஒளிஞ்சுக்கல. பேப்பரைப் படிச்சேன், மறுபடி அதே பேப்பரைப் படிச்சேன். ஒரு மனுஷன் வீட்ல இருக்கறதும் இல்லாததும் ஒண்ணா ஆயிடுச்சேன்னு அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் இந்தப் பொறுப்பு கிடைச்சுது. இதுவும் போச்சுன்னா மறுபடி அந்தச் சோபாதான்.

ரோஷத்துல என்ன பண்ணேன், விசிலைக் கழட்டி டிராயர்ல போட்டேன். விசில் இல்லாத மந்தாகினிதானே வேணும், அனுபவிங்கடான்னு கீழயே இறங்கல. ஒரு வாரம் பால்கனியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டேன். பசங்களுக்குக் கொண்டாட்டம். மட்டையை எடுத்துட்டு வந்தாங்க, பார்க்கிங் நடுவுல ஸ்டம்ப் வெச்சாங்க. அன்னிக்கு ஆடினாங்க. மறுநாளும் ஆடினாங்க. அதுக்கப்புறம் பாருங்க சார், ஆட்டம் சூடே பிடிக்கல. ரெண்டு ஓவர் போடுவாங்க, என் பால்கனியை அண்ணாந்து பார்ப்பாங்க. பந்தை வேணும்னே டாக்டரம்மா கார் மேல அடிச்சுட்டு, எல்லாரும் ஓடறதுக்கு ரெடியா நின்னு என்னையே பார்க்கறாங்க. நான் அசையவே இல்லை. கடைசியில மட்டையைத் தலைக்கு வெச்சுட்டு தரையில படுத்துட்டாங்க. அந்த நிலோஃபர் குட்டி வந்து காலிங் பெல் அடிச்சு, "அங்கிள், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேக்குது.

என்ன புரியுது இதுலருந்து? கட்டுப்பாடு இல்லைன்னா பசங்களுக்கு உடம்புல தெம்பே குறைஞ்சு போயிடுது. நான் கண்ணால பார்த்தேன். இதை யாராவது ஆராய்ச்சி பண்ணணும்.

பொதுக்குழு வந்துச்சு. அதே பார்க்கிங், அதே பிளாஸ்டிக் நாற்காலி, பஜ்ஜி, டீ. வாசுகி டீச்சருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்ததால அவங்க சார்பா ஓட்டுப் போட பூரணி பெங்களூர்லயிருந்து வந்திருந்தது. லிஃப்ட் பக்கத்துல தனியா மடக்கிப் பிடிச்சேன்.

"ஏம்மா பூரணி, நீயே நேர்ல சொல்லு. அந்த விசில் வேந்தன் நானா?"

"அங்கிள்! யார் அங்கிள் அப்படிச் சொன்னது?" கண்ணை இவ்வளவு பெருசா விரிச்சுக்கிட்டுக் கேக்குது.

"ஊரே சொல்லுது. நீ கூட்டத்துல எழுந்திரிச்சு, அது அங்கிள் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. என் மானத்தைக் காப்பாத்து."

"அவ்வளவுதானே அங்கிள்? சொல்லிடறேன்."

சொன்ன மாதிரியே எழுந்திரிச்சுது சார். எத்திராஜ் பேசி முடிச்சு, "இனிமே பசங்க இஷ்டத்துக்கு விளையாடலாம், விசில் கிடையாது, பந்து பறிமுதல் கிடையாது"ன்னு வாக்குறுதியெல்லாம் குடுத்துட்டு உட்கார்ந்தார். பூரணி மைக்கை வாங்கிச்சு.

"விசில் வேந்தன் தாண்டவமூர்த்தி அங்கிள் கிடையாது. முதல்ல நாங்க அங்கிள் பண்றதையெல்லாம் அப்படியே எழுதித்தான் கம்பெனியில குடுத்தோம். நம்பற மாதிரி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதனால நிறைய குறைச்சுதான் இந்த வில்லனைப் பண்ணினோம்."

கேட்டீங்களா? தெளிவா சொல்லிடுச்சு, நான் கிடையாதுன்னு. அதுக்கும் எல்லாரும் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல. எத்திராஜ் தொடையில அடிச்சுக்கிட்டுச் சிரிக்கறார்.

அப்பதான் நிலோஃபர் எழுந்து நின்னுது. "பூரணி அக்கா, அங்கிள் செக்ரட்டரியா இல்லைன்னா அடுத்த சீசன் எப்படி வரும்?"

பூரணி உதட்டைப் பிதுக்கிச்சு. "அதான் எனக்கும் தெரியலை நிலோ. வில்லன் இல்லைன்னா படை யார்கூடச் சண்டை போடும்? எல்லாரும் மொட்டைமாடியில உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதற மாதிரிதான் காட்டணும்."

பசங்க மூஞ்சியெல்லாம் செத்துப் போச்சு சார். நாலஞ்சு பேர் தூண் பக்கத்துல போய் நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. பேசி முடிச்சுட்டு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அப்பா அம்மா நாற்காலிக்குப் பின்னாடி போய் நின்னுட்டாங்க.

நம்ம வழக்கம் கை தூக்கறதுதான். "எத்திராஜுக்கு ஆதரவு கொடுக்கறவங்க கை தூக்குங்க"ன்னு கூட்டத் தலைவர் சொன்னார். பெரியவங்க கையைத் தூக்கறாங்க, பின்னாடி இருந்து பசங்க அதைப் பிடிச்சுக் கீழ அழுத்தறாங்க. டாக்டரம்மா வீட்டு ரெட்டைப் பிள்ளைங்க ஆளுக்கு ஒரு கையில தொங்குது. "தாண்டவமூர்த்திக்கு"ன்னு சொன்ன உடனே, அதே கையைப் பிடிச்சு மேல தூக்கறாங்க. நிலோஃபர் நாற்காலி மேல ஏறி நின்னு அவங்க வாப்பாவோட ரெண்டு கையையும் தூக்கிச்சு. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான்னு நான் அப்பவும் சொன்னேன். ரூல்னா ரூல். எத்திராஜோட சொந்தப் பேரன் இருக்கானே, அவன் எத்திராஜ் கையையே தூக்கிட்டான் சார்!

இத்தனை வருஷம் இந்தப் பிள்ளைங்க நல்லதுக்காக நான் பட்ட பாடு அதுங்க மனசுல பதிஞ்சிருக்கு பாருங்க. பெரியவங்களுக்கு இல்லாத நன்றி சின்னதுங்களுக்கு இருக்கு. வீட்டுக்கு வந்ததும் கமலவேணிகிட்ட இதைச் சொன்னேன். அவ என் விசிலை டிராயர்லயிருந்து எடுத்துத் துடைச்சு, அவ கையாலயே என் கழுத்துல மாட்டிவிட்டா. மாட்டிட்டு ஏன் அடுப்படிக்குப் போய்ச் சிரிச்சான்னுதான் தெரியல.

சரி சார், உங்களை ரொம்ப நேரம் உட்கார வெச்சுட்டேன். இந்தாங்க சாவி. பார்த்துட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க, வாட்ச்மேன்கிட்ட வேண்டாம். குழந்தைங்க எத்தனை? ஒரே பையனா? எட்டாவது படிக்கறானா? ரொம்பக் கூச்ச சுபாவமா? யார்கூடயும் சேர மாட்டானா? சரியாயிடும் சார், இங்க வந்தா எல்லாம் சரியாயிடும். ஆனா முதல்லயே சொல்லி வெச்சுடுங்க. பார்க்கிங்ல கிரிக்கெட் ஆடக் கூடாது, கண்டிப்பா கூடாது. அப்படியே ஆடறதா இருந்தாலும் அஞ்சரைக்கு மேல ஆடச் சொல்லுங்க. நான் காபி குடிச்சுட்டுக் கீழ வர்றதுக்கு அஞ்சரை ஆயிடும். முன்னாடியே ஆடினா பிடிக்க ஆள் இருக்காது.

பிடிச்சுடுவேனாவா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! அறுபத்தெட்டு வயசு, இடது முட்டியில தேய்மானம், செருப்பு வேற வழுக்கும். நேத்து சாயந்திரம்கூட அந்த நிலோஃபரையும் இன்னும் மூணு பேரையும் கேட் வரைக்கும் துரத்திப் பிடிச்சேன். நான் மூச்சு வாங்க தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அதுங்களும் அங்கங்க நின்னுடுது. அதுங்களுக்கு மேற்கொண்டு ஓடத் தெம்பில்லை. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஓடவே தெரியல சார்.